வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்: ஒரே ஹாலில் இரண்டு பச்சோந்திகள்

இந்த மாதம் முழுக்கப் பச்சோந்திதான். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதைப் பற்றியே இருந்தன. அதிலும் ஒரே சங்கதி: ‘தனித்தனிக் கூண்டில்தானே வைத்திருக்கிறேன், ஏன் இப்படி இருக்கிறது?’ நாய், பூனை, கிளிக்காரர்கள் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ளவும்.

*

கேள்வி: டாக்டர், என் மகன் கல்லூரியில் படிக்கிறான். போன வருஷம் இரண்டு வெய்ல்டு பச்சோந்திக் குட்டிகளை ‘ஜோடி’ என்று சொல்லிக் கொடுத்தார்கள், வாங்கி வந்தான். ஆளுக்கொரு வலைக்கூண்டு, ஹாலில் பக்கத்துப் பக்கத்தில் வைத்திருக்கிறோம். கொஞ்ச நாள் இரண்டும் வலையோரம் வந்து வாயைப் பிளப்பதும் கலர் கலராக மாறுவதுமாக இருந்தன. இப்போது அதெல்லாம் நின்றுவிட்டது. பழகிவிட்டன என்கிறான் மகன். ஆனால் ஒன்று மட்டும் எந்நேரமும் கறுத்துப்போய், கூண்டின் கீழ்ப்பக்கம் இலைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறது. சரியாகச் சாப்பிடுவதும் இல்லை. படம் இணைத்திருக்கிறேன். (வாசகி, மடிப்பாக்கம்)

பதில்: படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன் அம்மா. இரண்டுமே ஆண். வெய்ல்டு என்கிற இந்த ஏமன் பக்கத்து இனத்தில் இதைக் கண்டுபிடிக்க ஜோசியம் பார்க்க வேண்டியதில்லை. ஆணுக்குப் பின்னங்காலில், குதிகால் இருக்க வேண்டிய இடத்தில், ஒரு சின்ன முண்டு நீட்டிக்கொண்டிருக்கும். முட்டையை விட்டு வெளியே வந்த அன்றே அது இருக்கும். பெண்ணுக்கு இருக்காது. விற்றவர் அரை நிமிடம் செலவழித்துப் பார்த்திருந்தால் ஜோடி என்ற பேச்சே வந்திருக்காது. நிஜமாகவே ஜோடியாக இருந்திருந்தாலும் உங்கள் பிரச்சினை தீர்ந்திருக்காது; அது அடுத்த கேள்வியில் வருகிறது.

பச்சோந்திக்குக் காது மந்தம். மோப்ப சக்தியும் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. எல்லாம் கண்தான். இரண்டு கண்ணும் தனித்தனியாகத் திரும்பும். தலையை அசைக்காமல் கிட்டத்தட்டச் சுற்றுப்புறம் முழுவதையும் பார்த்துவிடும். சண்டையையும் அது பெரும்பாலும் பார்வையிலேயே முடித்துக்கொள்கிறது. எதிராளிக்குப் பக்கவாட்டில் திரும்பி, உடம்பை வெற்றிலை மாதிரி தட்டையாக்கி, வாலைச் சுருட்டி, நிறத்தை ஏற்றிக் காட்டும். அப்போதும் இரண்டில் ஒன்று இறங்கி வராவிட்டால்தான் கடி. அமெரிக்காவில் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்துக்காரர்கள் வெய்ல்டு ஆண்களை மோதவிட்டுப் படம் பிடித்து 2013-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பக்கவாட்டுக் கோடுகள் பளிச்சிடுகிற ஆண் எதிரியை நோக்கி முன்னேறுகிறது. தலையின் நிறத்தை வேகமாகவும் பிரகாசமாகவும் ஏற்றுகிற ஆண் ஜெயிக்கிறது. அதன் தொடர்ச்சி அடுத்த வருஷம் வந்தது. தோற்கிற ஆண் தன்னைக் கறுப்பாக்கிக்கொள்கிறது, ‘ஒதுங்கிக்கொள்கிறேன், விட்டுவிடு’ என்று அறிவிக்கிற மாதிரி.

உங்கள் வீட்டில் இந்தச் சண்டை எப்போதோ முடிந்துவிட்டது. கீழே ஒடுங்கி உட்கார்ந்திருப்பது தோற்றது. ஏமன் மலைச்சரிவில் இது நடந்திருந்தால் தோற்றது இறங்கி வேறு மரத்துக்குப் போயிருக்கும், ஜெயித்ததும் அதை மறந்திருக்கும். உங்கள் ஹாலில் போக இடமில்லை. ஜெயித்தது ஒரு முழம் தள்ளி, காலையில் லைட் போட்டதிலிருந்து ராத்திரி அணைக்கிற வரை, கண்ணுக்கு எதிரேயே இருக்கிறது. வலை பல்லைத் தடுக்கும், பார்வையைத் தடுக்குமா? மாதக்கணக்கில் இப்படி இருந்தால் பயத்தில் ஊறும் ஹார்மோன் இறங்கவே இறங்காது. எதிர்ப்புச் சக்தி படுத்துவிடும். வயிற்றில் சும்மா கிடந்த புழு பெருகும், நுரையீரலில் சளி கட்டும். என்னிடம் ‘நிமோனியா’ என்று தூக்கிக்கொண்டு வருகிற பச்சோந்திகளில் பலவற்றின் நிஜமான வியாதி பக்கத்துக் கூண்டுதான்.

கறுப்பாக இருப்பதெல்லாம் பயம் என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம். காலை ஏழு மணிக்கு எந்தப் பச்சோந்தியும் கறுத்துத்தான் இருக்கும். கறுப்பு உடம்பு சூட்டைச் சீக்கிரம் வாங்கும். பல்புக்குக் கீழே அரை மணி, ஒரு மணி உட்கார்ந்த பிறகும் தெளியவில்லை, பதினொரு மணிக்கும் அதே கறுப்பு என்றால்தான் கவலைப்பட வேண்டும். வலையைப் பிடித்துக்கொண்டு ஓயாமல் மேலும் கீழும் ஏறி இறங்குவது, மூக்கு நுனி வலையில் உரசிப் புண்ணாவது, கிளையின் மறுபக்கம் உடம்பை ஒளித்துக்கொள்வது, இதெல்லாம் அதே கணக்கு. பகலில் கண்ணை மூடிக்கொண்டிருந்தால் மட்டும் எனக்கு எழுதிக் கொண்டிருக்காதீர்கள். அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள்.

சரி, என்ன செய்வது? வேறு அறை இருந்தால் ஒன்றை அங்கே மாற்றுங்கள், முடிந்தது. ஒரு ஹால்தான் என்றால் நடுவில் தடுப்பு. போர்டு எழுதுகிற கடைகளில் சன்பேக் ஷீட் கிடைக்கும், மழையில் நனைந்தாலும் ஒன்றும் ஆகாத பிளாஸ்டிக் அட்டை. தண்ணீர் தெளிக்கிற கூண்டுக்குச் சாதாரண அட்டை ரெண்டே வாரத்தில் ஊறிப் பூஞ்சை பிடிக்கும். சாம்பல், பச்சை மாதிரி மங்கலான நிறமாகப் பார்த்து, பளபளப்பு இல்லாததாக வாங்குங்கள். இரண்டு கூண்டுக்கும் பொதுவான பக்கத்தில் மட்டும், வலைக்கு வெளியே, அடியிலிருந்து உச்சி வரை வையுங்கள். முன்பக்கம் கூண்டின் விளிம்பைத் தாண்டி அரை அடி நீட்டிக்கொண்டிருக்கட்டும். இல்லாவிட்டால் இரண்டும் முன்கிளையில் வந்து உட்கார்ந்து மூலை வழியாக எட்டிப் பார்க்கும், செய்த வேலை வீண். மற்ற பக்கங்களையும் மேலேயும் மூட வேண்டாம். நம் ஊர் மே மாதத்தில் காற்றோட்டம் போனால் வேறு வினை வரும்.

இதோடு விட்டுவிடுகிறவர்கள்தான் ‘தடுப்பு வைத்தேன் டாக்டர், பலன் இல்லை’ என்று திரும்ப வருகிறார்கள். கூண்டின் மேல்கிளையில், பச்சோந்தி வழக்கமாக உட்காருகிற இடத்தில், செல்போனை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி வீடியோவை ஓடவிடுங்கள். நாலு பக்கமும் திருப்பி எடுங்கள். பிறகு நிதானமாகப் போட்டுப் பாருங்கள். எதிர்ச் சுவரில் பீரோ இருக்கும், அதன் கண்ணாடியில் பக்கத்துக் கூண்டு முழுசாகத் தெரியும். ஷோகேஸ் கண்ணாடி, அணைத்து வைத்த டி.வி., சாயங்காலம் இருட்டியதும் ஜன்னல் கண்ணாடி எல்லாமே இப்படித்தான். பக்கத்து வீட்டுக்காரன் தெரியாவிட்டாலும் தன் முகமே தெரிந்தால் போதும். அதுவும் ஓர் ஆண்தானே, இது மிரட்ட அதுவும் மிரட்டும், ஒருபோதும் தோற்காது. பீரோவுக்கு ஒரு பழைய வேட்டியைத் தொங்கவிடுங்கள். மதியத்தில் ஒருமுறை, லைட் போட்ட பிறகு ஒருமுறை என்று வீடியோ இரண்டு நேரத்திலும் எடுக்க வேண்டும். கண்ணாடி பகலில் காட்டாததை ராத்திரி காட்டும்.

செடியை நிறைய வைத்தால் போதாதா என்பார்கள். செடி வேண்டும், ஆனால் ஃபேன் காற்றில் இலை ஆட ஆட எதிரி தோன்றி மறைந்து தோன்றுவான். நேராகத் தெரிவதைவிட அது மோசம். செடி எதற்கு என்றால், ஒளிந்துகொள்ள முடியும் என்ற தெம்புக்கு. மணிபிளான்ட் கொடியும் ஒரு செம்பருத்தியும் போதும். செம்பருத்திப் பூவை வெய்ல்டு ரசித்துத் தின்னும். மருந்தடித்த நர்சரிச் செடி என்றால் நன்றாகக் கழுவி, மண்ணை மாற்றி, சில வாரம் வெளியே வைத்திருந்துவிட்டு உள்ளே கொண்டுவாருங்கள்.

இரண்டு கூண்டையும் ஒரே உயரத்தில், தரையிலிருந்து தூக்கி ஸ்டாண்டில் வையுங்கள். மேல்கிளை உங்கள் தலைக்கு மேலே இருக்க வேண்டும். தன்னைக் குனிந்து பார்க்கிற எதையும் பச்சோந்தி பருந்து என்றே எடுத்துக்கொள்ளும், அது நீங்களாகவே இருந்தாலும். இரண்டு கூண்டு லைட்டுக்கும் ஒரே டைமர். கூண்டு சுத்தம் செய்யும்போது ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு மற்றதன் முன்னால் நடக்காதீர்கள். உங்கள் மகனிடம் இதை இரண்டு தடவை சொல்லுங்கள்.

தடுப்பு வைத்த பிறகு வாரம் ஒரு நாள், காலையில் தண்ணீர் தெளிப்பதற்கு முன்னால், சமையலறைத் தராசில் எடை போட்டு எழுதி வையுங்கள். ஜெயித்தது அன்றைக்கே பச்சையாகிவிடும். ஒடுங்கியது தெளிந்து மேல்கிளைக்கு வர இரண்டு மூன்று வாரம்கூட ஆகும். அதற்குள் எடை பத்தில் ஒரு பங்கு இறங்கினாலோ, வாயைத் திறந்து தலையைத் தூக்கி மூச்சு விட்டாலோ, மூக்கில் குமிழி வந்தாலோ அழைத்து வாருங்கள். எப்படியும் ஒருமுறை மலப் பரிசோதனை செய்துவிடுவது நல்லது.

*

கேள்வி: ஆண் வெய்ல்டு ஒன்று, பெண் ஒன்று. இரண்டு கூண்டுக்கும் நடுவில் ஓரடி. ஒருநாளும் சேர்த்துவிட்டதில்லை. ஒரு வாரமாகப் பெண்ணின் உடம்பு கரும்பச்சையாகி, நீலமும் மஞ்சளுமாகப் புள்ளி விழுந்திருக்கிறது. ஆண் பக்கம் பார்த்து வாயைப் பிளந்து ஆடுகிறது. கீழே இறங்கிச் செடித்தொட்டி மண்ணைக் கிளறும், பாதியிலேயே விட்டுவிட்டு மேலே ஓடிவிடும். இது ஆசையா, கோபமா டாக்டர்? (வாசகர், திருச்சி)

பதில்: இரண்டும் இல்லை, முட்டை.

கோழி மாதிரி இதுவும் சேவல் இல்லாமலேயே முட்டை வைக்கும். வெய்ல்டு பெண்ணுக்கு நாலைந்து மாதத்திலேயே அந்த வயசு வந்துவிடும். அந்தப் புள்ளிகள் ஆணுக்குச் சொல்கிற சேதி: ‘கிட்டே வராதே, நான் முட்டையோடு இருக்கிறேன்.’ காட்டில் ஆண் அதைப் படித்துவிட்டுத் தன் வழியில் போகும். உங்கள் ஆண் கூண்டுக்குள் இருக்கிறது, படித்தாலும் எங்கே போகும்? அது அங்கேயே நிற்கிறது, இது கத்திக் களைத்துப்போகிறது.

பாதியில் விட்டுவிட்டு ஓடுகிறதே, அதுதான் எனக்குக் கவலை. பள்ளத்தில் இறங்கினால் அதற்குச் சுற்றிலும் எதுவும் தெரியாது. பகையாளி பார்த்துக்கொண்டிருக்கும்போது எந்தப் பெண் பச்சோந்தியும் அந்த ஆபத்தை ஏற்காது. முட்டையை உள்ளேயே அடக்கிக்கொள்ளும். அடக்கினால் முட்டை அடைத்துக்கொள்ளும், உயிருக்கே ஆபத்து. எக்ஸ்ரே, கால்சியம், ஊசி, அதற்கும் வழிக்கு வராவிட்டால் அறுவை.

இன்றைக்கே செய்ய வேண்டியது: ஆணை வேறு அறைக்கு மாற்றுங்கள். பெண்ணை மாற்றாதீர்கள், இந்த நேரத்தில் அதற்கு இடமாற்றம் ஆகாது. பிறகு பெண்ணின் கூண்டில் ஒரு பக்கெட் அல்லது ஆழமான டப், குறைந்தது ஓரடி ஆழத்துக்குக் கழுவிய ஆற்று மணல். எம்-சாண்ட் வேண்டாம், தூசியும் கூர்மையும் அதிகம். மணல் எவ்வளவு ஈரம் என்றால், விரலை விட்டு ஆழமாக ஒரு வளை தோண்டினால் அது சரியாமல் நிற்க வேண்டும், அடியில் தண்ணீர் தேங்கக் கூடாது. அது அடிவரைக்கும் தோண்டிப் பார்க்கும், பிடிக்காவிட்டால் வேறு மூலையில் மறுபடி தொடங்கும். கூண்டின் கீழ்ப்பாதியை நாலு பக்கமும் துணியால் மறைத்துவிடுங்கள். மறைத்தது ஆணுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள், உங்களுக்கும்தான். தோண்டத் தொடங்கிய பிறகு குழந்தைகளோ செல்போனோ அந்தப் பக்கம் போகக் கூடாது. பழைய போனைக் கேமராவாக்கி முன்கூட்டியே உள்ளே வைத்துவிட்டு வேறு அறையிலிருந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

முட்டை வைத்து, குழியை மூடி, மண்ணும் அழுக்குமாக மேலே ஏறி வந்ததும் நிறையத் தண்ணீர் தெளியுங்கள், சொட்டுச் சொட்டாகக் குடிக்கும். கால்சியம் தூவிய பூச்சி கொடுங்கள். ஒரு ஈட்டில் இருபது முட்டையும் இருக்கலாம், எண்பதும் இருக்கலாம். எண்பது என்பது நாம் அதிகமாக ஊட்டிவிட்டோம் என்று அர்த்தம். வளர்ந்த பெண்ணுக்கு ஒன்றுவிட்டு ஒரு நாள் மூன்று நாலு கிரிக்கெட் பூச்சி போதும். வெயில் பல்புக்குக் கீழே சூடும் 27 டிகிரியைத் தாண்ட வேண்டாம். ஈடும் குறையும், ஆயுசும் கூடும்.

சோர்ந்து கண்ணை மூடிக் கீழேயே கிடந்தால், முக்கினால், காத்திருக்க வேண்டாம்.

*

கேள்வி: நான் பேந்தர் பச்சோந்தி வைத்திருக்கிறேன், ரீல்ஸ் போடுகிறேன். கண்ணாடி காட்டினால் சிவப்பு, மஞ்சள் என்று செம்ம கலர் வருகிறது. வெளிநாட்டில் இதை உடற்பயிற்சி என்றே செய்கிறார்களாமே? தினமும் ரெண்டு நிமிஷம் காட்டலாமா? (வாசகர், கோவை)

பதில்: தம்பி, வெளிநாட்டில் சிலர் செய்கிறார்கள், உண்மைதான். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

அந்த நிறம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் நீங்களே நிறுத்திவிடுவீர்கள். ஜெனிவா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2015-இல் உங்கள் பேந்தர் இனத்தை வைத்தே கண்டுபிடித்தது இது. தோலுக்கு அடியில் உள்ள செல்களில் குவானைன் என்ற பொருளின் நுண்படிகங்கள் வரிசை வரிசையாக அடுக்கி இருக்கின்றன. பச்சோந்தி அமைதியாக இருக்கையில் அவை நெருங்கியிருக்கும், நீலத்தைத் திருப்பி அனுப்பும். மேலே உள்ள மஞ்சளோடு சேர்ந்து நமக்குப் பச்சையாகத் தெரியும். எதிரியையோ பெண்ணையோ பார்த்துப் பரபரப்பானதும் படிகங்கள் விலகும், அப்போது மஞ்சளும் ஆரஞ்சும் சிவப்பும் எழும். உங்கள் ரீல்ஸில் ஜனங்கள் இதயம் போடுவதெல்லாம் அதன் பதற்றத்துக்கு. சிவப்புத் துணி மேல் உட்காரவைத்தால் சிவப்பாகும் என்று கமென்டில் யாரோ எழுதியிருக்கிறார்களே, அது சினிமாக் கதை.

உடற்பயிற்சி வேண்டுமானால் கூண்டுக்குள் கிளைகளைக் குறுக்கும் நெடுக்குமாக, தடிமன் மாற்றி மாற்றிக் கட்டுங்கள். பூச்சியைக் கிண்ணத்தில் போடாமல் செடிமேல் நடக்கவிடுங்கள், தேடிப் பிடிக்கட்டும். வேட்டையாடும் நாக்கை ஸ்லோமோஷனில் எடுத்துப் போடுங்கள், கண்ணாடியைவிட அதிகம் பேர் பார்ப்பார்கள்.

*

கேள்வி: என்னிடம் ஒரு வெய்ல்டு, ஒரு பேந்தர். ஒன்று ஏமன், ஒன்று மடகாஸ்கர். வேறு வேறு இனம் என்பதால் ஒன்றையொன்று கண்டுகொள்ளாது என்று நினைத்தேன். எதிரெதிர்ச் சுவரில், பத்தடி தள்ளி வைத்திருக்கிறேன். ஆனாலும் பேந்தர் அடிக்கடி நிறம் மாறி அந்தப் பக்கமே பார்க்கிறது. இன்னும் தூரம் வேண்டுமா? (வாசகர், பெங்களூரு)

பதில்: இனம் வேறு என்பது நமக்குத் தெரியும். தட்டையான உடம்பு, சுருட்டிய வால், உருளும் கண்ணோடு ஒன்று கிளையில் நின்றால் பேந்தருக்கு அது ஓர் ஆண் பச்சோந்தி, அவ்வளவுதான்.

எதிரெதிர்ச் சுவர்தான் இருப்பதிலேயே மோசமான இடம். தூரம் கிடைத்ததாக நாம் திருப்திப்பட்டுக்கொள்வோம். பச்சோந்திக்குப் பத்தடி ஒரு தூரமே இல்லை, சில அடி தள்ளி இருக்கும் பூச்சியின் காலை எண்ணுகிற கண் அது. அதோடு இரண்டும் நேர்முகமாக நிற்கின்றன, நடுவில் நீங்கள் தடுப்பும் வைக்க முடியாது, நடக்க வேண்டுமே. இரண்டையும் ஒரே சுவருக்குக் கொண்டுவாருங்கள், பக்கத்துப் பக்கத்தில் வைத்து நடுவில் சன்பேக் ஷீட் கொடுங்கள். மடிப்பாக்கத்து அம்மாவுக்குச் சொன்ன செல்போன் வேலையைச் செய்யுங்கள். அரையடி தள்ளிக் கண்ணுக்குத் தெரியாமல் இருப்பது, பத்தடி தள்ளித் தெரிவதைவிட எவ்வளவோ மேல்.

இரண்டுக்கும் ஒரே தெளிப்பான் வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். தனித்தனி டைமர் போடுங்கள். வெய்ல்டு பகலில் கொஞ்சம் காய்ந்த காற்றைத் தாங்கும். பேந்தருக்கு ஈரம் கூடுதலாக வேண்டும். அறையில் கொசுவர்த்தி, சாம்பிராணி எதுவும் கூடாது. பெங்களூரில் குளிர்கிறதே என்று ராத்திரி பல்பு போடாதீர்கள், ராத்திரி இருட்டும் கொஞ்சம் குளிர்ச்சியும் அதற்கு நல்லது.

*

கேள்வி: எங்கள் வெய்ல்டு முட்டைகள் பொரித்துவிட்டன, நாற்பதுக்கும் மேலே! ஒன்றையொன்று பார்க்கவே கூடாது என்கிறீர்கள். நாற்பது கூண்டுக்கு நான் எங்கே போவேன்? (வாசகி, புதுச்சேரி)

பதில்: பதற வேண்டாம். குட்டிகளுக்கு இந்தச் சட்டம் அப்படியே பொருந்தாது. சிட்னி பல்கலைக்கழகத்தார் வெய்ல்டு குட்டிகளைத் தனியாகவும் கூட்டமாகவும் வளர்த்துப் பார்த்து 2014-இல் எழுதியிருக்கிறார்கள். தன்னந்தனியாக வளர்ந்தவை பிறகு மற்றொரு பச்சோந்தியைக் கண்டால் ஒடுங்கி, கறுத்து, பணிந்துபோயின. இரை பிடிப்பதிலும் மந்தம். ஆக முதல் சில வாரம் கூட்டாளிகள் இருப்பது நல்லதே.

ஆனால் ஒரே தொட்டியில் நாற்பதையும் கொட்டி வைக்காதீர்கள். ஐந்தாறாகப் பிரியுங்கள், அதுவும் அளவு பார்த்து, பெரியது பெரியதோடு, சிறியது சிறியதோடு. மெல்லிய கிளையும் இலையும் அடர்த்தியாக இருக்கட்டும். பூச்சியை ஒரே மூலையில் போட்டால் பலமுள்ளது அந்த மூலையைப் பிடித்துக்கொள்ளும், நாலைந்து இடத்தில் போடுங்கள். நாள்தோறும் வால் நுனியைப் பாருங்கள். நுனி கறுத்தோ கடிபட்டோ இருந்தால் அந்தக் கூட்டத்தில் ஒரு ரவுடி இருக்கிறது. அதைத்தான் எடுக்க வேண்டும், அடிபட்டதை மட்டும் எடுத்தால் ரவுடி அடுத்ததைப் பிடிக்கும். ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருப்பதைப் பார்த்துப் பாசம் என்று படம் எடுக்காதீர்கள். பல்புக்குக் கீழே நல்ல இடத்தைப் பிடிக்கிற போட்டி அது. மூன்று மாதத்துக்குள் எல்லாவற்றையும் தனித்தனியாக்கி, நடுவில் தடுப்பும் வந்துவிட வேண்டும்.

இன்னொன்று. வெளிநாட்டுப் பச்சோந்திகள் சர்வதேச வணிக ஒப்பந்தமான சைட்டிஸ் பட்டியலில் வருகின்றன. நம் வன உயிரினச் சட்டத்தின் 2022 திருத்தத்துக்குப் பிறகு, இவற்றை வைத்திருப்பதையும், குட்டி பிறப்பதையும், இறப்பதையும், கைமாற்றுவதையும் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும். நாற்பது குட்டியையும் நண்பர்களுக்குக் கொடுப்பதற்கு முன்னால் அதை முடித்துவிடுங்கள். தாயைப் பதிந்திருக்கிறீர்களா என்று நான் கேட்கவில்லை, அதிகாரி கேட்பார்.

*

கேள்வி: வயல் வேலிப் பக்கம் ஒரு பச்சோந்தி கிடைத்தது. வீட்டில் ஏற்கெனவே ஒரு வெய்ல்டு இருக்கிறது. பக்கத்தில் வைத்தால் இரண்டும் துணையாக இருக்குமா? (வாசகர், செங்கல்பட்டு மாவட்டம்)

பதில்: துணை என்று ஒன்று பச்சோந்திக்குத் தேவையே இல்லை. அது இருக்கட்டும், உங்களுக்குக் கிடைத்தது நம் நாட்டுப் பச்சோந்தி, பாதுகாக்கப்பட்ட விலங்கு. பிடித்து வைத்திருப்பதே குற்றம், ஒருநாள் ஆனாலும். அதன் வயிற்றுப் புழுவும் உங்கள் வெய்ல்டுக்கு ஒட்டும். இன்று வெயில் தாழ்வதற்குள், எடுத்த அதே வேலியில், ரோட்டைப் பார்த்த பக்கமாக இல்லாமல் உள்பக்கக் கிளையில் ஏற்றிவிடுங்கள். காயம் இருந்தால் மட்டும் வனத்துறைக்குச் சொல்லுங்கள். விட்டுவிட்டு வந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு உங்கள் வெய்ல்டு கூண்டைத் தொடுங்கள்.

*

பச்சோந்தி பற்றி எழுதுகிறவர்கள் படத்தைக் காலை பதினொரு மணிக்கு மேல், ஃபிளாஷ் போடாமல் எடுத்து அனுப்பவும். எடை கிராமில் வேண்டும், ‘நல்லா குண்டாத்தான் இருக்கு’ என்று எழுத வேண்டாம். கூண்டை மட்டும் எடுக்காமல், கூண்டிலிருந்து என்னென்ன தெரிகிறது என்று நாலு பக்கமும் எடுத்து அனுப்பினால் பாதிப் பேருக்கு நான் பதிலே எழுத வேண்டியிருக்காது.